மூன்றாம் தொட்டிப் பூக்கள்

அன்று காலை மூன்றாம் தொட்டியில் நாற்பத்தொரு பூ பூத்திருந்தது. முதல் தடவை எண்ணியபோது நாற்பதுதான் வந்தது. ஒன்று மட்டும் ஒரு குண்டு இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இவள் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்ததுபோல அப்புறமாகத் தலையை நீட்டியது. தொட்டியம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். செடியோடு சிரிப்பது யார் கண்ணிலாவது பட்டால் பட்டறையில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருக்காது.

நல்லவேளை, யாரும் இல்லை. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அது தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நிக்கல் முலாம் பூசும் பட்டறை. முலாம் குளியலிலிருந்து பளபளவென்று வெளியே வரும் சாமான்களை அலசினால், அலசிய தண்ணீரில் நிக்கலும் கூடவே இறங்கும். அதில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு போட்டு அடியில் படிய வைத்துவிடலாம். சுண்ணாம்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வருகிற மிச்சத்துக்காகத்தான் பின்கட்டில் இந்த மூன்று சிமெண்ட் தொட்டிகள். ஒன்றைவிட ஒன்று ஒரு முழம் தாழ்வாக, படிக்கட்டு மாதிரி. மூன்றிலும் ஆகாயத்தாமரை. அதன் வேர்கள் தண்ணீருக்குள் கருந்தாடி போலத் தொங்கி, வருகிற நிக்கலை இழுத்துத் தங்களிடம் வைத்துக்கொள்ளும். அவ்வப்போது சில செடிகளைப் பறித்து வெளியே எடுத்தால் நிக்கலும் அவற்றோடு போகும்.

பட்டறையை விட்டு வெளியேறும் தண்ணீரில், லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருக்கக்கூடாது. சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் சொன்னது. ஐந்து மாதம் அவகாசம். அதற்குள் எண் இறங்காவிட்டால் வெளியேறும் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள். அப்புறம் முதலாளி வெளியூரிலிருந்து ஒரு பெரிய இயந்திரத்தைக் கொண்டுவருவார். தொட்டிகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் லாரி நிறுத்துவார். அவள் பழையபடி அலசும் வரிசைக்குப் போவாள்.

ஐந்து மாதத்தில் மீதி இருந்தது இருபத்துநான்கு நாள்.

அலசும் வரிசையில் அவள் பதினான்கு வருடம் நின்றிருக்கிறாள். அது ஒன்றும் நரகமில்லை. கொக்கிச் சட்டத்தில் மாட்டிய குழாய்களை முலாம் குளியலிலிருந்து தூக்கி, குளியலுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் பச்சைத் தண்ணீர் சொட்டி வடியப் பத்து எண்ண வேண்டும். பிறகு அலசும் தண்ணீரில் முக்க வேண்டும். மற்றவர்கள் நாலு எண்ணுவார்கள், ஐந்து எண்ணுவார்கள், மேஸ்திரி பார்க்கிறார் என்றால் ஆறு. அவள் மட்டும் பத்தும் எண்ணுவாள். கடைசிச் சொட்டு விழும்வரை விட மனசு வராது. பதினான்கு வருடமும் வாயைத் திறக்காமல் இப்படி எண்ணிக்கொண்டே நின்றதால் அவளுக்கு வைத்த பேர் ஊமைக்கோட்டான்.

கடிதம் வந்த அன்று முதலாளி எல்லோரையும் தேநீர் மேசையைச் சுற்றி நிற்கவைத்து, “யாருக்காவது ஏதாவது தோணுதா?” என்று கேட்டார். எல்லோரும் அவரவர் டம்ளருக்குள் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“செடி போட்டுப் பாக்கலாமே.”

யார் பேசியது என்று முதலாளி தேடினார். அவளும் சேர்ந்து தேடினாள். தொண்டையில் துரு ஏறியிருந்ததால் சொந்தக் குரலே அடையாளம் தெரியவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. செடிக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஒரு நிறம், அந்தப் பக்கம் வேறு நிறம். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே உட்காரும்போதெல்லாம் வருடக்கணக்காகப் பார்த்து வந்ததைத்தான் சொன்னாள். சோதனைக்கூடத்திலிருந்து வந்திருந்த புள்ளி மேடம், “சரியாச் சொல்றாங்க, இதைப் பல இடத்துல செஞ்சுட்டுதான் இருக்காங்க” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதைச் சொன்னாலும் புள்ளி வைத்துச் சொல்லுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். “பத்து புள்ளி அஞ்சுக்கு வந்துடறேன்” என்பாள், பத்தரை மணிக்கு வருவதற்கு.

ஒரே மாதத்தில் தொட்டிகள் வந்தன. ஊமைக்கோட்டான் போய்த் தொட்டியம்மா ஆனாள். அந்தப் பேரை முதன்முதலில் யாரோ கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவை திரும்பினாள். மூன்றாம் தடவை, கூப்பிடுவதற்கு முன்பே திரும்பினாள்.

தண்ணீரும் சொன்னபடி கேட்டது. வாராவாரம் புள்ளி மேடம் சோதித்த எண், ஐந்திலிருந்து நாலுக்கும், நாலிலிருந்து இரண்டு புள்ளி நாலுக்கும் இறங்கியது. முதலாளி தலைகால் புரியாமல் ஆடினார். அதே வாரம்தான் பூக்கவும் ஆரம்பித்தது. ஊதாவும் நீலமும் கலந்த பூ, நடுவில் மஞ்சள் கண். முதலாளி வருகிற வாடிக்கையாளர்களை எல்லாம் முன் அறையில் உட்காரவிடாமல் நேராகப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“பாருங்க. கழிவுத் தண்ணின்னு சொன்னா நம்புவீங்களா? எல்லாம் எங்க தொட்டியம்மா கைவண்ணம்.”

அவள் கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பாள். வந்தவர்கள் அவளைப் பார்ப்பார்கள். பூவைப் பார்ப்பார்கள். மறுபடி அவளைப் பார்ப்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாக இப்படி ஒரு பார்வை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது தோளில் வெயில் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் எண் அப்படியே நின்றது. அப்புறம் ஒரு வாரம் இரண்டு புள்ளி எட்டு. அதற்கடுத்தது மூன்று புள்ளி ஆறு. பூக்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

நாற்பத்தொரு பூ பூத்த அன்று புள்ளி மேடம் சீட்டை நீட்டினாள். “நாலு புள்ளி ஒண்ணு.”

“நாலா!”

“நாலு புள்ளி ஒண்ணு” என்று திருத்தினாள் மேடம். “எனக்கு ஒண்ணுமே புரியலை. சுண்ணாம்பு சரியா இருக்கு. உள்ள வர்ற தண்ணி அப்படியே இருக்கு. செடி தளதளன்னு இருக்கு. பறிக்கிறதைப் பறிக்கிறீங்கதானே?”

“பறிக்கிறேனே. பத்து நாளைக்கு ஒரு தடவை, மூணுல ஒரு பங்கு. நோட்டுல எழுதியிருக்கேன்.”

மேடம் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பத்தாம் நாளும் இத்தனை செடி என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ஒரு செடி கூடக் குறையவில்லை. “கணக்கு சரியாத்தான் இருக்கு” என்று பெருமூச்சு விட்டாள் மேடம்.

தொட்டியம்மா நோட்டை வாங்கி மூடினாள்.

நோட்டில் பொய் இல்லை. ஆனால் நோட்டில் இல்லாத ஒன்று அவளுக்கு மட்டும் தெரியும். முதல் நாள் மேடம் சொல்லிக் கொடுத்தபோது, “பெரிசாப் பார்த்துப் பறிங்க” என்று சொல்லியிருந்தாள். முதல் தடவை அப்படித்தான் பறித்தாள். அப்புறம் பூக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய செடிதான் பூக்கும். பூத்த செடியைப் பிடுங்க எப்படிக் கை வரும்? பழுத்தது, நோஞ்சான், உள்ளங்கையளவுக் குட்டிகள் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எண்ணிக்கையை நிரப்பினாள். அடுத்த தடவை பெரிசு பறிக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதனால் எண் ஏறும் என்று அவளுக்குத் தெரியாது. அது நிஜம். ஆனால் மேடத்திடம் இதைச் சொல்லாமல் இருக்கத் தெரிந்திருந்தது. அதுவும் நிஜம். தெரியாமல் செய்கிற காரியத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டதை, அலசும் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

*

வீட்டில் மூன்று பேர். அவள், சாவி வெட்டும் கடை வைத்திருக்கும் கணவன், கணவனுடைய அக்கா. நாத்தனாரும் அதே பட்டறையில்தான் வேலை. முலாம் பூசிய குழாய்களைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. கைக்கு இணையாக வாயும் ஓடும். வீட்டில் மற்ற இரண்டு பேரும் பேசாததை எல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அன்று மாலை குளியலறையில் முகம் கழுவப் போனபோதுதான் தொட்டியம்மா அதைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. முன்னால் ஒரு பழைய முக்காலியைப் போட்டு, அதன்மேல் துவைக்க வேண்டிய துணியை மலைபோலக் குவித்து மறைத்திருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து ஊதா நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது.

“அண்ணி!”

“என்ன?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அந்த ஒற்றைச் சொல்லிலேயே அகப்பட்டுக்கொண்ட தொனி இருந்தது.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

நாத்தனார் குளியலறை வாசலில் வந்து நின்று, முந்தானையைச் சரிசெய்தாள். “நடந்தா வரும்? நான்தான் கொண்டாந்தேன். ஒண்ணே ஒண்ணு. சாப்பாட்டுப் பையில வச்சு.”

“எப்போ?”

“ஆச்சு இருபது நாளு. ஏம்மா, அங்க அத்தனை கொட்டிக் கிடக்கு, கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒண்ணு வீட்டுல இருக்கட்டுமேன்னு பார்த்தேன். குழாயடியில நல்ல தண்ணி பிடிச்சு ஊத்தித்தான் வச்சிருக்கேன். உன் புள்ளைங்களை ஒண்ணும் பட்டினி போடலை.”

“கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா குடுத்திருப்பியா? நீ ஒரு இலையைக் கிள்ளவிட மாட்டியே. பெத்தவ கூட அப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்க மாட்டா.”

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவன், “திருட்டுச் சாமானை ஒளிக்கிறதுன்னா பூட்டு போட்டிருக்கணும் அக்கா. சாவி நான் வெட்டிக் குடுத்திருப்பேனே” என்றான்.

“நீ சும்மா இருடா.”

தொட்டியம்மா துணி மலையை நகர்த்திவிட்டுக் குனிந்தாள். செடி கொஞ்சம் களைத்திருந்தது. பூவின் ஓரம் சுருண்டிருந்தது. நல்ல தண்ணீர்தான். ஆனால் அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. வாளியை லேசாக ஆட்டினாள். மைத்தூள் போல அது சுழன்று எழுந்தது. வேரைத் தூக்கிப் பார்த்தாள். முதிர்ந்த வேர் இழைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. கைபட்டதும் இன்னும் நாலு இழைகள் கழன்று விழுந்தன.

அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டறையில் மூன்றாம் தொட்டியின் அடி கண்ணுக்குத் தெரியாது. இலைகள் அத்தனை நெருக்கமாக மூடியிருக்கும். மூடியிருப்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் இலையை விலக்கிப் பார்த்ததில்லை. பார்க்க நேரமில்லை என்று சொல்லலாம். பூவை எண்ண நேரம் இருந்தது.

“என்னம்மா, செத்துப் போச்சா?” என்று நாத்தனார் தணிந்த குரலில் கேட்டாள்.

“இல்ல அண்ணி. ஒரு சுத்தமான பாட்டில் குடுங்க.”

“எதுக்கு?”

“இந்தத் தண்ணியைச் சோதிச்சுப் பாக்கணும். இதுல நிக்கல் இருக்கான்னு.”

நாத்தனாரின் முகம் வாளியின் நிறத்துக்கு மாறியது. “ஐயையோ! நேத்து அந்த வாளித் தண்ணியிலதான் ரெண்டு சொம்பு எடுத்துக் காலைக் கழுவினேன்!”

“கால்தானே கழுவினீங்க? குடிக்கலையே?”

“அரிக்குதே!” நாத்தனார் ஒற்றைக் காலில் நின்று மற்றதைச் சொறிந்தாள். “ஏம்மா, நேத்துலருந்தே அரிச்சிட்டுதான் இருக்கு. நான் கொசுன்னு நெனச்சேன்.”

“அக்கா, நிக்கல் ஏறியிருந்தா கால் பளபளன்னு ஆயிருக்கும். ஆகலையே” என்றான் கணவன்.

நாத்தனார் அவன்மேல் எறிய ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். துணி மலைதான் கிடைத்தது.

*

மறுநாள் சோதனைக்கூடத்தில் இரண்டு பாட்டில்களை வைத்தாள். ஒன்று வீட்டுக் குழாயிலிருந்து நேராகப் பிடித்தது, ஒன்று வாளியிலிருந்து எடுத்தது. மேடம் எதுவும் கேட்காமல் வாங்கி இயந்திரத்திடம் கொடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. தொட்டியம்மா ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வேண்டிக்கொள்வதானால் எதற்கு வேண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாளியில் நிக்கல் இல்லை என்றால் அவள் மேல் தப்பில்லை. ஆனால் காரணமும் கிடைக்காமல் எண் ஏறிக்கொண்டே போகும். இருக்கிறது என்றால் காரணம் கிடைத்துவிடும், அந்தக் காரணம் அவள்தான். நல்ல செய்தி கெட்ட செய்தியாகவும் கெட்ட செய்தி நல்ல செய்தியாகவும் இருக்கிற இந்த விசித்திரம் ஒரு நிமிடம் அவளுக்குச் சிரிப்பைக்கூட வரவழைத்தது.

“முதல் பாட்டில் சைபர். ரெண்டாவது ஒண்ணு புள்ளி மூணு” என்றாள் மேடம். “இது எந்தத் தொட்டி? இவ்வளவு கம்மியா இருக்கே, நல்லா இருக்கே!”

“எங்க வீட்டு பாத்ரூம் மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள்.

அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனாரின் சாப்பாட்டுப் பை, வாளி, கறுப்புத் தூள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தியிருந்தால் தப்பு முழுக்கச் செடியின் மேல் போயிருக்கும். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, மீதியையும் சொன்னாள். “நோட்டுல எண்ணிக்கை சரிதான் மேடம். ஆனா பெரிசு ஒண்ணைக்கூட நான் பறிக்கலை. ரெண்டு மாசமா எல்லாம் குட்டிதான்.”

மேடம் கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கோபமான சிரிப்பு இல்லை. பல நாளாகத் தேடிய சாவி சொந்தக் கைப்பையிலேயே அகப்பட்டவளின் சிரிப்பு.

“இழுக்கிற வரைக்கும்தான் அது வேலைக்காரி. வயசான வேர் எவ்வளவு பிடிச்சு வைக்கும்? உதிர்ந்து அடியில அழுகுது. அழுகினதும் பிடிச்சதெல்லாம் திரும்பத் தண்ணிக்கே போயிடுது. சுறுசுறுப்பா இழுக்குற குட்டிங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டு, ரொம்பி வழியற பெரிசுங்களை உக்கார வச்சு அழகு பாத்திருக்கீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் தோணலை பாருங்க. நோட்டைப் பார்த்தேனே தவிர குப்பைக்குப் போனது எதுன்னு பார்க்கலை.”

“இப்போ என்ன பண்றது மேடம்?”

“இருபத்துமூணு நாள் இருக்கு. பெரிசு அத்தனையும் வெளிய வரணும். அடிச்சேற்றை வாரணும். குட்டிகளை மட்டும் விட்டு வளர்க்கணும். உள்ள வர்ற நிக்கலும் கொஞ்சம் குறைஞ்சா நல்லது.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். “முதலாளிக்கிட்ட நான் வேணா சொல்லட்டுமா?”

“இல்ல. நானே சொல்றேன்” என்றாள் தொட்டியம்மா.

*

முதலாளி நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். திட்டுகிற ஆளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கம். அவர் கெஞ்சினார்.

“என்ன தொட்டியம்மா இப்படிச் சொல்றீங்க? ஆபீசர் வர்றப்போ தொட்டி நிறையப் பூ இருந்தா அவருக்கே மனசு இளகிடும். நான் ஒரு போட்டோக்காரரைக்கூட வரச் சொல்லியிருக்கேன். அவர் வந்து போனப்புறம் பிடுங்குங்களேன்.”

“ஆபீசர் கையில பாட்டில் வச்சிருப்பார் சார். பூவை அதுல போட்டுக்கிட்டுப் போக மாட்டார். தண்ணியைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போவார்.”

பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றுவிட்டது. பட்டறையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியே ஒரு கணம் யார் பேசியது என்று தேடுகிறவர்போல விழித்தார்.

அவள் விடவில்லை. “தப்பு என்னோடதுதான் சார். பறிக்க வேண்டியதைப் பறிக்காம விட்டுட்டேன். எல்லாரும் வந்து பார்த்தது எனக்கு நல்லா இருந்துச்சு.”

இதைச் சொல்லுவாள் என்று அவளே நினைக்கவில்லை. சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. முதலாளி தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது நன்றாகத்தான் இருந்தது என்பது முகத்தில் எழுதியிருந்தது.

“எனக்கு மட்டும் என்ன? நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் கடைசியில். “சரி, பிடுங்குங்க. ஆனா நான் பார்க்க மாட்டேன்.”

பிடுங்கினார்கள். முழங்கைவரை கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு அவளும் நாத்தனாரும் இறங்கினார்கள். நாத்தனார் தன் திருட்டுக்குப் பரிகாரம் என்று அவளே முன்வந்தாள். நீல வாளியோடு அந்தச் செடியையும் கொண்டுவந்து ஒப்படைத்தாள். முதல் பெரிய செடியைப் பிடித்தபோது தொட்டியம்மாவின் கை கொஞ்சம் தயங்கியது. அதில் மூன்று பூ இருந்தது. காலையில் எண்ணிய பூ. இழுத்தாள். வேர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று எழுந்தது. குடலைப் பிரட்டும் நாற்றம்.

“அடி ஆத்தி! மேல மணப்பொண்ணு மாதிரி சிரிச்சுக்கிட்டு, கீழ பாரு என்ன வச்சிருக்கான்னு!” என்றாள் நாத்தனார், மூக்கை மேல்கையால் பொத்திக்கொண்டு.

தொட்டியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த முதல் செடிக்குப் பிறகு கை தானாகப் போனது. ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது. பிடுங்கிய செடிகளைத் தகரக் கூரைக்குக் கீழே, தார்ப்பாய் விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மண்ணுக்குப் போகாதபடி காயப் போட்டார்கள். ஆடு மாடு வாய் வைத்துவிடக் கூடாது என்று சுற்றிலும் கம்பி வலை. காய்ந்ததும் சாக்கில் கட்டி, மூடி போட்ட பீப்பாயில் அடைத்து, அபாயக் கழிவு வண்டி வரும்போது சேற்றோடு ஏற்றிவிட வேண்டும். மூன்று நாளில் அத்தனை பச்சையும் சுருங்கி ஒன்றரைச் சாக்கு ஆகிவிட்டது. நாத்தனாரால் நம்பவே முடியவில்லை. “இதுக்கா இத்தனை ஆட்டம்?” என்றாள் சாக்கைப் பார்த்து.

இன்னொரு காரியமும் செய்தாள். அலசும் வரிசைக்குப் போய் நின்றாள். அவள் நின்ற இடத்தில் இப்போது இருந்த பெண் மூன்று எண்ணுவதற்குள் சட்டத்தை அலசும் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். பச்சை நீர் அதிலிருந்து இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“பத்து எண்ணுங்கம்மா. குளியலுக்கு மேலேயே பிடிச்சுக்கிட்டு. இங்க சொட்டுறதெல்லாம் அங்க எனக்கு வேலை.”

“பத்தா! கை விட்டுப் போயிடும் அக்கா.”

“பதினாலு வருஷம் எண்ணினேன். பாருங்க, கை இருக்கு.” இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

சத்தமாக எண்ணினால்தான் நம்புவேன் என்று அவள் சொன்னதால் அவர்கள் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். முதல் நாள் கேலியாக எண்ணினார்கள். ஒருத்தி ஏழைத் தாண்டி எட்டில் ராகம் இழுத்தாள். இன்னொருத்தி அதற்குத் தாளம் போட்டாள். மூன்றாம் நாள் அது பாட்டாகவே ஆகிவிட்டது. முன் அறையில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், இங்கே பள்ளிக்கூடமும் நடத்துகிறீர்களா என்று முதலாளியைக் கேட்டார்.

*

சுற்றுச்சூழல் அலுவலகத்து ஆய்வாளர் ஒரு பையும் ஜலதோஷமுமாக வந்து சேர்ந்தார். மூன்றாம் தொட்டியில் கையளவுச் செடிகள் அங்கங்கே மிதந்தன. இடையிடையே தண்ணீர் வெறுமையாக வானத்தைக் காட்டியது. ஒரு பூ இல்லை. முதலாளி அவர் பின்னாலேயே வந்து, “போன மாசம் பார்த்திருக்கணும் சார் நீங்க” என்றார். தொட்டியம்மா அவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் தும்மினார். ஒரு செடியைத் தூக்கி வேரைப் பார்த்தார். வேர் இளசாக, இறுக்கமாக இருந்தது. ஓர் இழை உதிரவில்லை. “யார் பார்த்துக்கறாங்க?” என்று கேட்டார்.

“நான்தான் சார்.”

“பெரிசுங்க எங்க?”

“பறிச்சாச்சு சார்.”

“ம்” என்றார் அவர். பாராட்டா, மூக்கடைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடி, ஒட்டு ஒட்டி, அவள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஐந்து நாளும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “இப்படியே இருந்தா உன்னையும் ஒன்றரைச் சாக்குல கட்டி வண்டியில ஏத்த வேண்டியதுதான்” என்று நாத்தனார் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். தொட்டிகளை இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஆச்சரியமாக, அலசும் வரிசையை நினைத்துப் பயம் வரவில்லை. அங்கேயும் இனி வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டாள் என்று தெரிந்தது. ஆனால் தொட்டி வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. பூவோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. பூ இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் பிடித்துத்தான் இருந்தது.

ஆறாம் நாள் கடிதம் வந்தது. முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புள்ளி மேடத்திடம் கொடுத்தார். இந்த மாதிரி விஷயத்தை அவள் வாயால் கேட்டால்தான் முறை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“ரெண்டு” என்றாள் மேடம். வேண்டுமென்றே நிறுத்தினாள். பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. “புள்ளி ஒண்ணு.”

எழுந்த கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நாத்தனார் துடைக்கும் துணியைத் தலைக்கு மேல் சுழற்றினாள். முதலாளி எல்லோருக்கும் தேநீர் என்று கத்தினார், வேலை நேரத்திலேயே. தொட்டியம்மாவுக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு, பின்கட்டுக்குப் போனாள்.

அன்று பத்தாம் நாள். பறிக்கிற நாள்.

பதினைந்து இருபது நாளில் குட்டிகள் பெரிசாகிவிட்டிருந்தன. மூன்றாம் தொட்டியில், சுவரோரமாக, எல்லாவற்றிலும் கொழுத்த ஒன்றில் மொட்டு தெரிந்தது. ஊதா நிறம் லேசாகப் பிளந்து எட்டிப் பார்த்தது. நாளைக் காலையில் விரிந்துவிடும். அதைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் செடியை நோக்கி அவள் கை போயிற்று. பாதி வழியில் அதை அவளே கவனித்துவிட்டாள். பழைய கை. பொல்லாத கை. அதட்டித் திருப்பி, மொட்டு வைத்ததன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

வேரிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள்ளேயே சொட்டியது. சொட்டி முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு தானாக அசைந்தது. ஏழு. எட்டு. மொட்டு அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ஒன்பது என்று எண்ணிவிட்டு, அங்கேயே நின்றுவிட்டாள்.

“பத்து!” என்று கதவருகிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நாத்தனார், இரண்டு கையிலும் தேநீர் டம்ளரோடு. “எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா? போடும்மா கூடையில. டீ ஆறுது.”

போட்டாள்.